வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது, குடும்பத்தோடு போய் இருக்க முடியுமா?

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். நீங்கள் அரசுப் பள்ளி ஆசிரியை. வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. கணவர் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறார், மகன் ஒன்பதாம் வகுப்பு, மாமியாருக்குச் சர்க்கரையும் இதய நோயும் உண்டு. "நகராட்சி என்கிறார்கள், படங்களில் பார்த்தால் கிராமம் மாதிரி இருக்கிறது. அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது, நாங்கள் மூன்று வருடம் அங்கே இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரின் தொழில் என்ன என்பது உங்களுக்கு உண்மையில் முக்கியமில்லை என்று நினைக்கிறேன். நடுராத்திரியில் மாமியாருக்கு மூச்சுத் திணறினால் அந்த ஊர் கைகொடுக்குமா என்பதுதான் உங்கள் கவலை. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஊரின் தொழில் தெரியாமல் அதன் வசதிகளைப் புரிந்துகொள்ள முடியாது.

நான் டெல்டா மாவட்டங்களில் வங்கியில் கடன் பிரிவு பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பல வருடங்கள் வேதாரண்யம் வட்டத்தில் போயின. பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் குழுக் கடன், படகுக் கடன் எல்லாம் கையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஆகவே ஊரின் பணம் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். மருத்துவம் பற்றி ஒரு குடும்பத் தலைவனாகத் தெரிந்ததை மட்டும் சொல்வேன். அதை மருத்துவரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரான பதில்: இருக்கலாம், நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஊர் கிழமை பார்த்து நடக்கும் ஊர் இல்லை, மாதம் பார்த்து நடக்கும் ஊர். பணம், தண்ணீர், மின்சாரம், சாலை, கடைகளில் கூட்டம் எல்லாமே பருவத்தோடு ஏறி இறங்கும். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது முதலில் பிடிபடாது. எங்கள் கிளையில் நகைக்கடன் பேரேட்டைப் பார்த்தாலே மாதத்தைச் சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் சங்கிலியும் தோடும் உள்ளே வரும். பங்குனி, சித்திரையில் மீட்டுக்கொண்டு போவார்கள். திருமண மாதமான வைகாசியில் ஊரின் நகை பெரும்பாலும் கழுத்தில்தான் இருக்கும். மழை வந்ததும் மறுபடியும் பெட்டகத்துக்குத் திரும்பிவிடும்.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் மறைக்காட்டு நாதர் கோயில், அதைச் சுற்றிய வீதிகள், கடைத்தெரு, பேருந்து நிலையம். வடக்கே தோப்புத்துறை, இஸ்லாமியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. தெற்கே கோடியக்கரைக்குப் போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி, அங்கிருந்து உப்பளம் ஆரம்பம். கடலோரத்தில் ஆறுகாட்டுத்துறை மீனவர் குடியிருப்பு. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் சுமார் 34 ஆயிரம் பேர்தான். பேருந்து நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு தென்னந்தோப்பிலோ, முல்லைக் கொல்லையிலோ, உப்புப் பாத்தியிலோ போய் நிற்பீர்கள். படத்தில் நீங்கள் பார்த்தது சரிதான்.

ஆனால் சட்டப்படி அது நகரம், அதனால் சில விளைவுகள் உண்டு. நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. நகராட்சி எல்லைக்குள் உப்பு வாருகிற பெண்ணுக்கு மழைக்காலத்தில் அந்த வேலை கிடையாது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே வேலை பார்க்கும் அவள் அக்காவுக்கு உண்டு. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், கட்டட அனுமதி எல்லாம் நகராட்சி விதிப்படி. 2022இல் மாநிலம் முழுவதும் சொத்து வரி ஏறியபோது இங்கும் ஏறியது, இங்குள்ள வருமானம் அந்த வேகத்தில் ஏறவில்லை. நகரத்தின் செலவும் கிராமத்தின் வருமானமும் ஒரே வீட்டில் இருப்பதுதான் இந்த ஊரின் பெரிய நெருக்கடி என்பது என் கருத்து. உங்கள் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளில் பலர் அந்த வீடுகளிலிருந்துதான் வருவார்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஊரின் முகமே அதுதான். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் மாதக் கடைசியில் வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார்கள். அவர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்து நின்றவர் உள்ளூர்க்காரரான சர்தார் வேதரத்தினம் பிள்ளை. பின்னாளில் 1946இல் கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அந்த நினைவுத் தூணுக்குப் பக்கத்திலேயே இன்றைக்கும் பாத்திகள் இருக்கின்றன. மாணவர்களைக் கூட்டிப் போனால் சரித்திரப் பாடத்தையும் வேதியியல் பாடத்தையும் ஒரே இடத்தில் நடத்தலாம்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தியைச் சேறு அள்ளி, மிதித்துச் சமப்படுத்தி, வரப்பு கட்டுவார்கள். உப்பங்கழியிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வரும் உவர்நீர் முதலில் பெரிய பாத்திகளில் வெயிலில் கிடந்து அடர்த்தி ஏறும். உப்பின் அடர்த்தியை அளக்கும் பாமே அளவில் கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரியில் இருக்கும். அது இருபத்து நான்கு, இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால்தான் உப்பு இறங்கும். அனுபவசாலிகள் அடர்த்திமானியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே தண்ணீரின் நிறத்தையும் மேலே கட்டும் ஆடையையும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அதைச் சின்னப் பாத்திகளுக்குத் திருப்பிவிட்டு, படிந்த உப்பை நீளக் கம்பில் பொருத்திய பலகையால் விடியற்காலையில் வாருவார்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. வெள்ளையில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுக்கும், உவர்நீர் பாதத்தை வெடிக்க வைக்கும். நாற்பது வயதில் பார்வை மங்கிய பெண்களை எங்கள் கிளை வரிசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தடவிக் கேட்பார்கள். கறுப்புக் கண்ணாடி, காலுறை கொடுக்கும் திட்டங்கள் அவ்வப்போது வருகின்றன. ஆனால் உவர்நீரில் ஊறிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வழுக்கும் பாத்தியில் நிற்பது லேசான காரியம் இல்லை. அதனால் பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

உப்புத் தொழிலில் இரண்டு அடுக்கு உண்டு. பெரிய நிறுவனங்கள் இரசாயனத் தொழிற்சாலைகளுக்கான உப்பை எடுக்கின்றன. சிறு உற்பத்தியாளர்கள் குத்தகை நிலத்தில் சாப்பாட்டு உப்பு எடுக்கிறார்கள். இந்தச் சிறு உற்பத்தியாளர் வங்கிக்கு வரும்போது எங்களுக்கே சங்கடமாக இருக்கும். உப்பு மத்திய அரசின் பட்டியலில் உள்ள பொருள், விவசாயம் அல்ல, தொழில் என்ற கணக்கில் வரும். நெல் விவசாயிக்குக் கிடைக்கும் பயிர்க்கடன் வட்டிச் சலுகையோ தள்ளுபடியோ இவருக்குப் பொருந்தாது. அவரும் வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறார், சித்திரையில் ஒரு கோடைமழை அடித்தால் பாத்தியில் இருந்தது முழுக்கக் கரைந்துவிடும். நிலம் சொந்தமில்லாததால் அடமானமாகக் காட்டவும் ஒன்றும் இருக்காது. வீட்டு நகைதான் மூலதனம். ஐப்பசி முதல் மார்கழி வரை வேலை இல்லாத மாதங்களுக்காக மாநில அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது நல்ல காரியம். மூன்று மாதத்துக்கு அது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மீன்பிடித் தொழிலுக்கு வேறு கணக்கு. இந்தக் கரையில் விசைப்படகைவிட ஃபைபர் படகுகள்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உரியது. ஃபைபர் படகுகள் கரையோரமாகப் போய் வரலாம். ஆனால் இங்கே பெரிய பருவம் மழையோடு வருகிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை கோடியக்கரையில் வெளியூர் மீனவர்கள் படகோடு வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். நாகை, காரைக்கால், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வரும். காலா, வாவல், நண்டு, இறால், திருக்கை என்று கரை நிறைந்திருக்கும். உப்பளம் மூடியிருக்கும் மாதங்களில் கடல் திறக்கிறது. ஊர் பட்டினி கிடக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் உப்பு வாருபவர்களும் மீனவர்களும் பெரும்பாலும் வேறு வேறு குடும்பங்கள். ஒருவர் வரவு இன்னொருவர் வீட்டுக்குப் போகாது, கடைத்தெருவுக்குத்தான் போகும். அதே பருவத்தில்தான் புயலும் வரும். இலங்கைக் கடல் எல்லையும் பக்கத்திலேயே இருக்கிறது. நடுக்கடலில் வலையையும் இயந்திரத்தையும் பறிகொடுத்துத் திரும்பும் செய்தி வருடம் தவறாமல் வரும். வலை போனால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் வாங்கினவர் பிடித்த மீனை அந்த வியாபாரியிடமே அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். வங்கிக் கடன் இந்தக் கட்டிலிருந்து விடுவித்த குடும்பங்களும் உண்டு, இரண்டு கடனிலும் சிக்கிய குடும்பங்களும் உண்டு.

மூன்றாவது வருமானம் மணல். வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தேத்தாகுடி, ஆதனூர்ப் பக்கம் நீண்ட மணல்மேடுகள் இருக்கின்றன. மணலுக்கு அடியில் மழைநீர் நல்ல தண்ணீராக நிற்கும். அதை வைத்துத்தான் முல்லை, மாம்பழம், சவுக்கு, தென்னை, முன்பு புகையிலை எல்லாம். முல்லைப்பூ பறிப்பைக் கட்டாயம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அரும்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், விரிந்தால் விலை இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பெண்கள் கொல்லைக்குள் இறங்கிவிடுவார்கள். விடிந்ததும் எடை, அப்புறம் வண்டியில் ஏற்றி வெளியூர்ச் சந்தைக்கு. கோடையில் பூ கொட்டும், விலை விழும். மார்கழிப் பனியில் பூ சிறுத்து விலை எங்கேயோ போகும், ஆனால் கொல்லையில் கைப்பிடி அரும்புதான் இருக்கும். இந்தப் பெண்களில் பலர் பூ பறித்த கையோடு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். காலையில் தாமதமாக வரும் பிள்ளையைக் கேட்டால் பெரும்பாலும் கொல்லைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கும். இது கடிந்துகொள்ளும் விஷயமில்லை என்பதை ஒரு ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான்காவது, வெளிநாட்டுப் பணம். தோப்புத்துறையிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, புருணை, வளைகுடா என்று போனவர்கள் பல தலைமுறையாக அனுப்பும் பணம் ஊரின் கடைகளையும் கட்டட வேலையையும் தாங்குகிறது. இந்த வரவுக்கு மட்டும் பருவம் கிடையாது. ஜவுளிக்கடையும் மருந்துக்கடையும் ஐப்பசியிலும் திறந்திருப்பதற்கு இதுவும், உங்களைப் போன்ற அரசு ஊழியர்களின் சம்பளமும்தான் காரணம்.

புயல் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. தென்னை, மா, சவுக்கு, முல்லை எல்லாம் சாய்ந்தன. உப்பளங்களில் கடல் ஏறிக் கறுப்புச் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. மின்கம்பங்கள் வரிசையாகக் கிடந்ததால் பல ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது. ஒரு தென்னை காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அதனால் கஜாவுக்குப் பிறகு தோப்பு வைத்திருந்தவர்கள் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் கூலிக்குப் போனார்கள். நடந்ததில் இவ்வளவும் உறுதி. இனி ஒரு புயல் எப்போது, எவ்வளவு பெரிதாக வரும் என்பதை யாரும் சொல்ல முடியாது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆயத்தமாக இருப்பது ஒன்றே வழி.

இதை ஒட்டி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். நாலுவேதபதி கிராமத்தில் 2002இல் கின்னஸ் சாதனைக்காக எண்பதாயிரத்துக்கு மேல் மரக்கன்றுகள் ஒரே நாளில் நட்டார்கள், 2004 சுனாமியில் அந்த மரங்கள்தான் ஊரைக் காப்பாற்றின என்பார்கள். மரம் நட்டது உண்மை, அங்கே சேதம் குறைவாக இருந்ததும் உண்மை. ஆனால் முழுக்க மரங்களால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மணல்மேடும், வீடுகள் கரையிலிருந்து தள்ளி இருந்ததும், கடலடியின் சரிவும் சேர்ந்திருக்கலாம். மணலும் மரமும் இருந்த இடம் தப்பியது என்ற அளவில் எடுத்துக்கொள்வது நேர்மை. அதே மாதிரி நிலத்தடி நீர் உப்பானதற்கு இறால் பண்ணைகள்தான் முழுக் காரணம் என்பவர்களும் உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் கரையோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன வழக்கே இந்த நாகைக் கரையின் போராட்டத்தோடு தொடர்புடையதுதான். பண்ணைகள் கெடுத்தது நிஜம். ஆனால் கடைமடைக்கு ஆற்று நீர் குறைந்ததும், ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் சேர்ந்துதான் இந்த நிலை என்பது என் புரிதல்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். குடிநீர் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. அத்தனை தூரம் வரும் குழாய், நடுவில் எங்காவது உடைந்தால் நான்கைந்து நாள் வராது. கிணற்று நீர் தெருவுக்குத் தெரு மாறும். மணல்மேட்டுப் பக்கம் இனிக்கும், உப்பளப் பக்கம் வாயில் வைக்க முடியாது. வீடு பார்க்கும்போது அறைகளின் அளவைவிட இரண்டு விஷயத்தைப் பாருங்கள். தரைக்கடியில் பெரிய தொட்டி இருக்கிறதா, வீட்டுக் கிணற்று நீரை வாயில் ஊற்றிப் பார்த்தால் எப்படி இருக்கிறது. கோடையில் நன்றாக இருக்கும் கிணறு மழையில் இன்னும் நன்றாக இருக்கும், மழையில் மட்டும் நன்றாக இருக்கும் கிணறை நம்ப முடியாது. ஆகவே மே, ஜூனில் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்புறம், தாழ்வான தெருக்களில் வீடு எடுக்காதீர்கள். கார்த்திகையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நாட்கணக்கில் நிற்கும்.

மாமியார் விஷயம். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சல், பிரசவம், காயம், முதலுதவி எல்லாம் அங்கே நடக்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்தால் வீட்டுக்கே வந்து கொடுப்பார்கள். போனவுடன் செய்ய வேண்டிய காரியம் அதுதான். ஆனால் இதயத்துக்கான சிறப்பு மருத்துவம் என்றால் ஊரை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி ஒரத்தூரில் 2022இல் திறக்கப்பட்டது, ஐம்பது கிலோமீட்டர் அளவில். திருவாரூர் அதைவிடக் கொஞ்சம் தூரம், தஞ்சாவூர் நூறைத் தாண்டும். பகலில் இந்தத் தூரம் ஒன்றும் பெரிதில்லை. மழை இரவில் பெரிது. நீங்கள் முன்கூட்டியே மூன்று காரியம் செய்து வையுங்கள். இப்போது பார்க்கும் இதய மருத்துவரிடம் 'நெஞ்சுவலி வந்தால் முதல் அரை மணியில் என்ன கொடுக்கலாம்' என்று எழுதி வாங்குங்கள். போன முதல் வாரத்திலேயே அரசு மருத்துவமனையில் பெரியவரைக் காட்டி ஒரு ஈசிஜி எடுத்துக் கோப்பில் வையுங்கள், பழையதோடு ஒப்பிட உதவும். தெருவிலேயே ராத்திரி வண்டி எடுக்கக்கூடிய ஓட்டுநர் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள். 108 வரும், ஆனால் அதே நேரத்தில் வேறு ஊருக்குப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். போன வருடத்தில் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனம் என்று மருத்துவர் சொல்லியிருப்பவர் என்றால், மழை மாதங்கள் மூன்றிலும் மாமியாரை நாகை, திருவாரூர் மாதிரி மருத்துவக் கல்லூரி உள்ள ஊரில் உறவினர் வீட்டில் வைப்பதை யோசியுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்து நடமாடுகிறவர் என்றால் அவ்வளவு பயம் தேவையில்லை. கடற்காற்றும் சமதளத் தெருவும் நடைக்கு நல்லது, பேச்சுத்துணைக்கும் பஞ்சமிருக்காது.

பள்ளியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்நிலைப் பள்ளிகளும் அரசு கலை அறிவியல் கல்லூரியும் ஊரிலேயே இருக்கின்றன. பக்கத்தில் தலைஞாயிற்றில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு பையனுக்கு அது ஒரு நல்ல வழி, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளே அதை அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்றால் பெரிய ஊருக்குப் போக வேண்டும், அல்லது இணையம் வழியாகப் படிக்க வேண்டும்.

கணவர் வேலைக்கு நகருக்குள் கம்பிவழி இணையம் கிடைக்கும். ஒன்றை மட்டும் நம்பாமல் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மின்சாரம் சாதாரண மாதங்களில் பரவாயில்லை. உப்புக்காற்று மின்கம்பியின் இன்சுலேட்டரில் படிந்து, முதல் தூறலில் வெட்டிக்கொண்டு போகும். ஆகவே நல்ல இன்வெர்ட்டர் அவசியம். வீட்டுச் சாமான்களும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய இரும்பு பீரோவைக் கொண்டு போனால் இரண்டு வருடத்தில் அடிப்பக்கம் உதிரும். மரமோ பிளாஸ்டிக்கோ போதும்.

போக்குவரத்துக்குப் பேருந்துதான் முதுகெலும்பு. நாகைக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் அடிக்கடி உண்டு, சென்னைக்கு இரவுப் பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் ரயில் பாதை அகலப் பாதையாகி 2023 ஏப்ரல் 8 அன்று மறுபடியும் திறந்தது. நீண்ட வருடக் காத்திருப்புக்குப் பிறகு வந்தது, ஊரே சந்தோஷப்பட்டது. இப்போதைக்கு ஒரு நாளில் ஓடும் ரயில்கள் குறைவு, நேரம் பொருந்தினால் மட்டும் பயன்படும். உப்புச் சரக்கு மறுபடியும் ரயிலில் ஏற ஆரம்பித்தால் ஊரின் பொருளாதாரமே மாறும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கும் ஆசைதான். சிறு உற்பத்தியாளரால் ஒரு ரயில் நிறையும் அளவுக்கு உப்பை ஒரே நேரத்தில் திரட்ட முடிய வேண்டும், அதற்குக் கூட்டுறவு வேண்டும். அது அமையாமல் பலன் பெரிய நிறுவனங்களோடு நின்றுவிடும்.

கடைசியாக, கேட்காமலே ஒரு எச்சரிக்கை. ஆறு மாதம் இருந்தால் ஊர் பிடித்துப்போய், 'விலை குறைவாக இருக்கிறதே, ஒரு மனை வாங்கிப் போடலாமா' என்று தோன்றும். என் மேசைக்கு வந்து திரும்பிப் போன வீட்டுக்கடன் விண்ணப்பங்களில் பெரும்பகுதி நிலப் பிரச்சினையால்தான். வேதாரண்யம் கோயிலுக்கு ஏராளமான நிலம் உண்டு, குடியிருப்பு மனைகளும் அதில் அடக்கம். தலைமுறையாகக் குடியிருப்பவர் நல்ல மனதோடுதான் விற்பார், ஆனால் அறநிலையத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. இன்னொரு பக்கம் உப்பு நிலம், வனத்துறை நிலம், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் எல்லாம் இருக்கின்றன. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் எதைக் கட்டுவதானாலும் அந்த விதிகளைப் பார்க்க வேண்டும். கோடியக்கரைப் பக்கம் 1967இலிருந்து சரணாலயம், 2002இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள ஈரநிலம். ஆகவே வாடகை வீட்டிலேயே இருங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் முப்பது வருட வில்லங்கச் சான்றோடு, வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலத்தின் வகைப்பாட்டையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ஊரில் தங்க இடம் கிடைக்காது, கடலில் நீராட வெளியூர்க் கூட்டம் நிறைந்துவிடும். அந்த நாட்களை ஒட்டி வீடு பார்க்கப் போகாதீர்கள். ஜூன் முதல் வாரத்தில் பள்ளி திறப்பதற்கு முன் இரண்டு நாள் தங்குவதுபோல் வாருங்கள். முதல் நாள் வீடும் கிணறும், இரண்டாம் நாள் மருத்துவமனையும் மின்வாரிய அலுவலகமும். மாமியாரையும் கூடவே அழைத்து வந்தால் அவருக்கு எந்தத் தெரு பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்குப் போடும்போது, புயல் சேதத்தை யார் சரிசெய்வது என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இந்த ஊரில் வீட்டுக்காரர்கள் அதற்குத் தயங்க மாட்டார்கள், அவர்களும் கஜாவைப் பார்த்தவர்கள்தான்.